தங்கத்தைப் பவுன் என்றவள்

பவித்ரா ஒரு தாளில் எழுதிவைத்திருந்ததை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மா சண்முகவள்ளி அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஃபேன் ஓடக் கூடாது. மைக்கு வாயிலருந்து நாலு விரக்கடை தள்ளி இருக்கணும். கையில வளையல் போடக் கூடாது, சத்தம் கேக்குமாம்.”

“அத ரெண்டு வருசத்துக்கு முந்தியே கழட்டியாச்சுல்ல.”

பவித்ரா அதைக் காதில் வாங்காதவள்போல அடுத்த வரிக்குப் போனாள். “முக்கியமா, அவரு பேசுறப்ப நடுவுல நீ ‘ம்’ கொட்டக் கூடாது.”

“ம்,” என்றாள் வள்ளி.

“இந்தா, இதத்தான் சொல்றேன்.”

கோயம்புத்தூரில் ஆனந்த்ராஜ் என்று ஒருவர். தன் வீட்டு அறையில் உட்கார்ந்தபடியே ஊர் ஊராக ஆட்களைப் போனில் பிடித்துப் பேச வைத்துப் பதிவு செய்து பாட்காஸ்ட் போடுகிறவர். மில் வேன் ஓட்டுகிறவர்களைப் பற்றி இப்போது ஒரு தொடர் செய்துகொண்டிருந்தார். பவித்ரா அவருக்கு ஒரு நீளமான மெயில் அனுப்பியிருந்தாள். என் அப்பா மில் வேன் டிரைவர், வண்டி கவிழ்ந்து இறந்துபோனார், குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஊரே சொல்கிறது, அவர் குடிக்கவில்லை, என் அம்மாவைப் பேச விடுவீர்களா என்று. மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. திண்டுக்கல்லில் மருந்துக்கடை வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று வள்ளிக்கு ஆச்சரியமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

“கடைசியா ஒண்ணு,” என்றாள் பவித்ரா. “எடுத்த எடுப்புல உம் பேரையும் அப்பா பேரையும் நீயே சொல்லணுமாம். படம் கெடையாது, குரல் மட்டுந்தான். அதனால தெளிவா, நிறுத்திச் சொல்லணுமாம்.”

வள்ளியின் கத்தி வெங்காயத்தில் நின்றுவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சண்முகவள்ளி ரெட்டியார்சத்திரம் பக்கத்து வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்தவள். இருபத்தொரு வயதில் சின்னாளப்பட்டிக்கு அருகே ஒரு ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள். கிளம்பும்போது அவள் அம்மா காதோடு சொல்லி அனுப்பிய புத்திமதிகளில் ஒன்று, புருசன் பேரை வாயால் சொல்லாதே, சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது. மற்ற புத்திமதிகளையெல்லாம் ஒரே வருசத்தில் காற்றில் விட்டவள், இதை மட்டும் இருபத்தைந்து வருசம் கட்டிக் காத்தாள்.

புருசன் பேர் தங்கமுத்து. அதில்தான் வம்பு. பேரைச் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, பேரில் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். தங்கம் அவள் வாயில் பவுன் ஆயிற்று. விருந்தாளியிடம் ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள் என்று சொல்ல மாட்டாள். இருந்துட்டுப் போங்க என்பாள். ஊர் முத்தாலம்மன் அவளுக்கு வெறும் ஆத்தாதான். பவித்ராவுக்கு அம்மை போட்டபோது எல்லாரும் முத்து இறங்கிவிட்டதா என்று கேட்க, இவள் கொப்புளம் என்றாள். அக்கா மகன் முத்துச்சாமியை இன்றுவரை சாமி என்றுதான் கூப்பிடுகிறாள். அவனும் கேட்டுப் பழகிவிட்டான்.

ரேசன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் அது ஒரு விளையாட்டு. வள்ளி தன் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டுவாள். வரிசையில் நிற்கிறவர்கள் “தங்கம்!” என்பார்கள். தலையாட்டுவாள். பிறகு கோயில் இருக்கும் திசையில் கையைக் காட்டி, “ஆத்தா பேருல பாதி” என்பாள். “முத்து!” மறுபடி தலையாட்டுவாள். ரேசன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு எழுதுவார். இதைக் கேள்விப்பட்டு தங்கமுத்துவுக்கு ஒரே பெருமை. “ஒரே ஒரு தடவ சொல்லிரு, ரெண்டு முழம் மல்லி வாங்கியாரேன்” என்று சீண்டுவார். அவள் சொல்ல மாட்டாள். பூ எப்படியும் வந்துவிடும்.

அந்த விளையாட்டுத்தான் அவள் குடியைக் கெடுத்தது.

இரண்டு வருசத்துக்கு முந்திய தை மாதம். முதல் ஷிப்டுக்கு மில்லுக்குப் போகிற பெண்பிள்ளைகள் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு போன வேன், நாலுவழிச் சாலையில் முன்சக்கரம் வெடித்துக் கவிழ்ந்தது. தங்கமுத்துவும் அருள்மேரி என்ற பத்தொன்பது வயதுப் பிள்ளையும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். மற்றவர்களுக்குக் கை கால் முறிவு. வள்ளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நடையெல்லாம் கூட்டம், அழுகை. கையில் செல்போனோடு ஒருவன் அவளிடம் வந்தான். செய்தி எழுதுகிறவன்.

“நீங்கதான டிரைவர் சம்சாரம்? அவரு பேரு என்னம்மா?”

புத்தி வேலை செய்யாத நேரத்தில் பழக்கம் வேலை செய்கிறது. வள்ளியின் கை தானாக மூக்குத்திக்குப் போயிற்று.

“தங்கமா? தங்கராசா?”

தங்கம் வரைக்கும் சரி. அவள் தலையாட்டினாள். மிச்சப் பாதியைச் சொல்லக் கையைத் தூக்கினாள். அதற்குள் ஒரு ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், துணியால் மூடியது. துணிக்கு வெளியே தெரிந்த கால் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தூக்கிய கை அப்படியே நின்றது. செல்போன்காரன் எப்போதோ போய்விட்டிருந்தான்.

தங்கராசு என்று உண்மையிலேயே ஒரு டிரைவர் அதே வேன் ஸ்டாண்டில் இருந்தான். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டிருந்தான். அந்தச் செய்தியை எழுதியவனும் இதே செல்போன்காரன். பிறகென்ன? மதியத்துக்குள் ஜில்லா முழுக்க எல்லார் போனிலும் ஓடியது: ஏற்கெனவே போதையில் சிக்கிய டிரைவர் தங்கராசு வேனைக் கவிழ்த்தான், இளம்பெண் பலி. சாயங்காலம் பேப்பரிலும் வந்தது. மூன்றாம் நாள் நிஜத் தங்கராசு உயிரோடு வந்து ஸ்டேஷனில் சத்தம் போட்டான். பேப்பர்காரர்கள் மூலையில் இரண்டு வரி திருத்தம் போட்டார்கள். உடலைப் பரிசோதித்த டாக்டர் வயிற்றில் சாராய வாடையே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். திருத்தத்தை எவன் படித்தான்? பேர் தங்கராசுவிடமே திரும்பிப் போய்விட்டது. குடி மட்டும் தங்கமுத்துவிடம் தங்கிவிட்டது.

“விசாரிக்காமக் கொள்ளாம எழுதிட்டான் அந்தப் பேப்பர்காரன்,” என்று பவித்ரா அடிக்கடி பொருமுவாள். ஒவ்வொரு தடவையும் வள்ளி எழுந்து ஏதாவது வேலையாகப் போய்விடுவாள். தலையாட்டியது அவளுக்கும் அந்தச் செல்போன்காரனுக்கும் மட்டுமே தெரியும். அவனும் மறந்திருப்பான்.

வள்ளிக்குப் பதினைந்து வருசமாகச் சேலை மடிக்கிற வேலை. சின்னாளப்பட்டியில் சௌகத் அலி என்பவருடைய சுங்குடிச் சேலை குடோனில் பத்துப் பெண்கள் மடிக்கிறார்கள். அதில் ஒருத்தி செபாஸ்தியம்மாள். அருள்மேரியின் அம்மா. முன்பெல்லாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சேலையை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி மடிப்பார்கள். அது நடந்த பிறகு செபாஸ்தியம்மாள் அந்தக் கோடி மூலைக்கு மாறிவிட்டாள். இரண்டு வருசத்தில் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் டீ வந்தபோது மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள், “பச்சப்புள்ளையக் கொன்ன குடிகாரன் பொண்டாட்டிக்கு டீ ஒண்ணுதான் கேடு.” வள்ளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து குடோனில் டீ குடிப்பதில்லை.

பேச ஒப்புக்கொண்டதற்குக் காரணமே அதுதான். ஊருக்குத் தெரிய வேண்டும், செபாஸ்தியம்மாளுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னால், பேர் ஏன் மாறியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதிவுக்கு ஒரு வாரம் இருந்தது. வள்ளி ஒத்திகை பார்த்தாள். குளிக்கப் போகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் “தங்” என்றாள். அதோடு குழாயை மூடிவிட்டாள். மறுநாள் “தங்க” வரைக்கும் வந்தாள். முத்து வரவே இல்லை. பவித்ரா எதிரே உட்கார்ந்து போனை நீட்டி, “எங்க வீட்டுக்காரர் பேரு... சொல்லும்மா” என்பாள். வள்ளி “எங்க வீட்டுக்காரர் பேரு” என்று சொல்லிவிட்டு மகள் முகத்தைப் பார்ப்பாள்.

“நான் சொன்னா ஆகாதா?”

“உங் குரல்லதான் வேணுங்குறாரு. அதுதான் கேக்குறவங்களுக்கு நம்பிக்கையா இருக்குமாம்.”

“செத்த நேரம் பொறு. வந்துரும்.”

“எங்க வருது? நாலு நாளா இதே பாட்டு.” பவித்ராவுக்குப் பொறுமை போய்விட்டது. “சொன்னா ஆயுசு கொறஞ்சிருமாக்கும்! இனி எந்த ஆயுசும்மா கொறையப் போகுது?”

சொன்ன பிறகு தானே வாயைப் பொத்திக்கொண்டாள். வள்ளி கோபப்படவில்லை. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருசத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தூக்கத்தில்கூடச் சொல்லவில்லை. அந்த மனுசர் ஐம்பத்தோரு வயதில் போய்ச் சேர்ந்தார். அப்படியானால் காப்பாற்றியது எதை? சொல்லிக் கொடுத்த அம்மாமேல் கோபம் வந்தது. மல்லிகைப் பூவைக் காட்டிச் சிரித்துக்கொண்டே இருந்த புருசன்மேலும் வந்தது. ஒரே ஒரு நாள், அந்த ஒரு நாள் மட்டும் வாய் திறந்திருந்தால் போதுமே என்று நினைக்கும்போது தன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இதற்கிடையில் ஊரில் சாமி கும்பிடு வந்துவிட்டது. ரேடியோ செட்காரர் விடியக் காலையிலேயே புளியமரத்தில் பாட்டுக் குழாயைக் கட்டிவிட்டார். வீட்டுக்குள் பேசினால் பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காது, இதில் கோயம்புத்தூருக்கு எங்கே கேட்கும்? பவித்ரா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வள்ளிதான் சௌகத் அலியிடம் போய்க் கேட்டாள்.

“வெள்ளிக்கெழம ஜும்மா தொழுகைக்குக் கடையடைப்பேன்ல,” என்றார் அவர். “பன்னெண்டரையிலருந்து ரெண்டு வரைக்கும் யாரும் உள்ள வர மாட்டாங்க. பேசிக்கங்கம்மா. சுத்தியும் சேலை அடுக்கு, ஒரு சத்தம் எதிரொலிக்காது. தங்கமுத்து நல்ல மனுசன். எனக்குத் தெரியும்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று வள்ளிக்குப் பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மற்ற பெண்கள் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குச் சாப்பிடப் போனார்கள். பவித்ரா குடோன் கதவைச் சாத்தி ஃபேனை நிறுத்தினாள். நாலு பக்கமும் கூரை வரைக்கும் சேலைக் கட்டு. கஞ்சி வாடையும் சாய வாடையும் கலந்து அடித்தது. ஒரு கட்டின்மேல் போனைச் சாய்த்து வைத்து அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டினாள். ஒற்றைக் கம்பியில் தொங்குகிற சின்ன மைக். இன்னொரு போனில் தானும் கேட்டுக்கொண்டாள்.

“அம்மா, கை தட்டுங்க பாப்போம்,” என்றார் ஆனந்த்ராஜ். வள்ளி தட்டினாள். “அடடா, ஸ்டுடியோ மாதிரி இருக்கே! எங்க உக்காந்திருக்கீங்க?”

“சேலைக்கு நடுவுலங்கய்யா.”

அவர் சிரித்தார். நல்ல மாதிரியான குரல். பதற்றப்பட வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரி பேசுங்கள், தப்பு வந்தால் மறுபடி பேசிக்கொள்ளலாம் என்றார். “உங்க பேரு, உங்க வீட்டுக்காரர் பேரு, அவருக்கு என்ன ஆச்சு. உங்க போக்குல சொல்லுங்க. நான் குறுக்க வரமாட்டேன்.”

பயம் வந்தால் வள்ளியின் கை தாலிக்கயிற்றுக்குப் போகும். இப்போது கழுத்தில் கயிறு இல்லை. அந்த இடத்தில் தொங்கிய ஹெட்போன் கம்பியைக் கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“எம் பேரு சண்முகவள்ளிங்க. எங்க வீட்டுக்காரர் பேரு...”

பவித்ரா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“தங்கமுத்து.”

வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, சேலைக் கட்டுகள் அப்படியே இருந்தன. அதன் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. “தங்கமுத்துங்க. தங்கராசு இல்ல. தங்கமுத்து குடிக்க மாட்டாரு. பேப்பர்ல பேர மாத்திப் போட்டாங்கன்னு எம் மக சொல்லும். பேப்பர்காரன் மேல தப்பு இல்லங்க. பேரு என்னன்னு எங்கிட்டத்தான் கேட்டான். நான் வாயத் தொறந்து சொல்லல. மூக்குத்தியத் தொட்டுக் காட்டுனேன். தங்கராசான்னு கேட்டதுக்குத் தலையாட்டுனவ நாந்தான். செத்துக் கெடந்த மனுசனக் குடிகாரனா ஆக்குனது நாந்தேன்!” கடைசிச் சொற்களைக் கத்தியே விட்டாள்.

பவித்ரா அம்மாவை முன்பின் பார்த்திராதவள்போலப் பார்த்தாள்.

ஹெட்போனில் ஆனந்த்ராஜின் குரல் வந்தது. “ஹலோ? அம்மா? உங்க பேரு சொன்னது வரைக்குந்தான் கேட்டுச்சு. அதுக்கப்பறம் மியூட் ஆயிருச்சுபோல. ஒண்ணுமே பதிவாகல. மன்னிச்சுக்கங்க, மொதல்லருந்து ஒரு தடவ சொல்லிடுறீங்களா?”

வள்ளி குனிந்து பார்த்தாள். கம்பியில் மைக்குக்குக் கீழே, குரலை நிறுத்துகிற ஒரு சின்னப் பொத்தான். புருசன் பேருக்கு வந்தபோது அதைத்தான் விரலால் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

பவித்ரா அவள் காதருகே வந்தாள். “தலையாட்டுனத விட்டுரும்மா. அவருக்குக் கேக்கல. யாருக்கும் தெரியாது. பேர மட்டும் சொல்லு, குடிக்கலன்னு சொல்லு, போதும். ஊரு உன்னயத்தான் வையும்.”

மகள் சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. மூக்குத்தியைத் தொட்டுவிட்டு மிச்சத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டதுதான் அன்றைக்குச் செய்தது. இன்றைக்கும் பாதி சொல்லிவிட்டுப் பாதியை வைத்துக்கொண்டால் அதற்குப் பேர் வேறா? கம்பியைக் கையிலிருந்து விட்டுவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எம் பேரு சண்முகவள்ளிங்க,” என்று ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை கத்தவில்லை. மூக்குத்தி, தலையாட்டல், தூக்கிய கை, ஒன்றையும் விடவில்லை. முக்கால் மணி நேரம் பேசினாள். முடிந்ததும், அந்த இடத்தின் அமைதியை அரை நிமிசம் பதிவு செய்ய வேண்டும், யாரும் பேசாமல் இருங்கள் என்றார் ஆனந்த்ராஜ். அந்த அரை நிமிசமும் பவித்ரா முந்தானையில் முகத்தை அமுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அம்மா அவளைத் தொடப் போனாள். அவள் விலகிக்கொண்டாள்.

கதவைத் திறந்தபோது செபாஸ்தியம்மாள் வாசலில் நின்றாள். அவளுடைய தூக்குவாளி மூடி திறக்காமல் கையிலேயே இருந்தது.

“கேட்டேன்,” என்றாள். “மொதல்ல நீ கத்துனதயும் கேட்டேன். கதவுகிட்ட வந்து நின்னு மத்ததயும் கேட்டேன்.”

இரண்டு வருசத்தில் அவள் வள்ளி முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

“எம் மக வேன் மாமா, வேன் மாமான்னுதான் சொல்லுவா. பாட்டுப் போட்டாரு, முட்டாய் குடுத்தாருன்னு. நான் பேரு கேட்டதில்ல. பேப்பர்ல போட்டத வாசிச்சுக் காட்டுனாக. அன்னையிலருந்து மாதா கோயில்ல முட்டி போட்டு தங்கராசு, தங்கராசுன்னு சாபம் விட்டிருக்கேன். ரெண்டு வருசம். ஒருநா தப்பல.” அவள் உதடு கோணியது. “எவனோ ஒருத்தன் மேல விட்டிருக்கேன். நீ ஆட்டுன தலைக்கு.”

“ஆமாக்கா,” என்றாள் வள்ளி.

“இப்ப எனக்குச் சொல்லு. எம் மொகத்தப் பாத்து, அவரு பேரச் சரியாச் சொல்லு.”

மைக்கில் சொன்னது ஊருக்கு. இது அப்படியில்லை. இரண்டு வருசச் சாபமும் வழி தவறிப் போயிருக்கிறது. இப்போது பேரைக் கொடுத்தால் அத்தனையும் திரும்பி வந்து அவரைத் தேடிப் பிடிக்குமே என்று வள்ளி பயந்தாள். செத்துப் போனவருக்கும் கெடுதல் வரும் என்று அந்த நிமிசம் அவள் மெய்யாகவே நம்பினாள். பவித்ரா முன்னால் வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். “வேணாம்மா. வா, போயிருவோம்.”

வள்ளி போகவில்லை.

“தங்கமுத்து,” என்றாள்.

செபாஸ்தியம்மாள் உதட்டை மட்டும் அசைத்து ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சொன்னாள். “அருள்மேரி. தங்கமுத்து.” சாபத்துக்கா வேண்டுதலுக்கா என்று வள்ளி கேட்கவில்லை. கேட்கத் தனக்கு வாய் கிடையாது என்று நினைத்தாள்.

இரண்டு மணிக்குச் சௌகத் அலி வந்து ஃபேனைப் போட்டார். செபாஸ்தியம்மாள் உள்ளே வந்து அந்தக் கோடி மூலைக்கே போய் உட்கார்ந்தாள். வள்ளியும் தன் இடத்தில் உட்கார்ந்து ஒரு சேலையை எடுத்தாள். முதல் மடிப்பு கோணலாக விழுந்தது. பிரித்து மறுபடி மடித்தாள்.